மெர்வின் பீக்கின் மூளையில் நடந்தது என்ன?

கோர்மென்காஸ்ட் என்ற இருண்ட கோட்டையை நாவலாகக் கட்டி எழுப்பிய மெர்வின் பீக், தேர்ந்த ஓவியரும்கூட. 1911இல் சீனாவில் பிறந்த ஆங்கிலேயர். 'டைட்டஸ் குரோன்' 1946இலும் 'கோர்மென்காஸ்ட்' 1950இலும் வெளிவந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது. 1957இல் லண்டனில் அரங்கேறிய அவரது நாடகம் எடுபடாமல் போக, நிலைகுலைந்துபோனார். மூளைக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையும் செய்தார்கள். பலனில்லை. 1968இல், 57 வயதில் இறந்தார்.

அவரது எழுத்தையும் ஓவியங்களையும் நோய்க்குறிப்புகளையும் வைத்து 2003இல் வெளியான நரம்பியல் கட்டுரை ஒன்று, அவருக்கு வந்தது லூயி உடல் மறதிநோயாக இருக்கலாம் என்றது. மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும். ஆனாலும் அறிகுறிகள் நன்றாகவே பொருந்துகின்றன.

இந்த நோயின் மையத்தில் இருப்பது ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற, 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். நரம்பணுக்களின் முனைகளில் இருந்துகொண்டு, வேதிச் செய்தி வெளியாவதற்கு உதவுகிறது. இது தவறாக மடிந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, நரம்பணுவுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. ஃபிரெடெரிக் லூயி 1912இல் விவரித்த உருண்டைகள், அதாவது 'லூயி உடல்கள்', இவைதான். உள்ளே இருப்பது இந்தப் புரதம்தான் என்று தெரிந்தது 1997இல். மூளைத்தண்டில் டோபமைன் என்ற வேதிச் செய்தியைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்தால் நடுக்கம், விறைப்பு, மெதுவான நடை. மூளையின் மேலடுக்கான புறணியும் பாதிக்கப்பட்டு, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிச் செய்தியும் குறைந்தால் கவனம் சிதறும். கொக்கியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் திகைத்து நிற்பார்.

அல்சைமரில் பெரும்பாலும் முதலில் போவது நினைவு. லூயி உடல் மறதிநோயில் நினைவு ஓரளவு நிற்கும். இடத்தையும் வடிவத்தையும் கணிக்கும் திறன்தான் முன்னதாகச் சரியும். வட்டம் வரைந்து, எண்களிட்டு, பதினொன்று பத்தைக் காட்டும்படி முட்களைப் போடச் சொன்னால் எண்கள் ஒரு பக்கமாக நெருக்கியடிக்கும். வரைந்த கடிகாரத்தை முன்னால் வைத்தாலும் பார்த்துப் போடுவது கடினம். ஓவியருக்கு இதைவிடக் கொடிய நோய் இல்லை.

மருந்திலும் கவனம் தேவை. மாயத்தோற்றத்தை அடக்க ஹாலோபெரிடால் கொடுத்தால் பலருக்கு உடல் கட்டைபோல விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கத்துக்கு லெவோடோபா கொடுத்தால் மாயத்தோற்றம் கூடலாம். டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன் போன்றவை அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து ஓரளவு தெளிவு தருகின்றன. பீக்கின் காலத்தில் இவை இல்லை.

மூன்றாம் நாவலான 'டைட்டஸ் அலோன்' 1959இல் வந்தபோது, தொடர்பற்று இருக்கிறதே என்று நோயின் மீது பழி போட்டவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. பதிப்பகத்தில் ஏகப்பட்ட பகுதிகளை வெட்டியிருந்தார்கள். எழுத்தாளர் லாங்டன் ஜோன்ஸ் கைப்பிரதிகளைத் தேடிச் சேர்த்து 1970இல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். பீக்கை எடைபோட விரும்புகிறவர்கள் அந்தப் பதிப்பைத்தான் படிக்க வேண்டும்.