ஏழுக்கு ஒன்று

1940-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரெஞ்சுப் படைவீரர்களில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற இளைஞரும் ஒருவர். போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பாரிசுக்கு வேதியியல் படிக்கப் போனவர். முகாமில் தான் யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை, போலந்துக்காரர் என்பதைத்தான் மறைத்தார். பிரெஞ்சு யூதர் என்றால் போர்க்கைதி. போலந்து யூதர் என்று தெரிந்தால் கதை முடிந்தது. காவலர்களோடு எவ்வளவு நல்ல பழக்கம் இருந்திருந்தாலும் அது உதவியிருக்காது. போர் முடிந்து திரும்பியபோது அவருடைய குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பின்னாளில் இங்கிலாந்தில், பிரிஸ்டலில், உளவியல் பேராசிரியரானார். மனிதர் ஓரவஞ்சனை செய்ய மிகக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. பழைய பகையா? நிலத் தகராறா? மதமா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

1970-ஐ ஒட்டி நடந்த சோதனை இது. பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிப் பையன்களுக்கு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். உனக்கு கிளே பிடிக்கும், உனக்கு காண்டின்ஸ்கி பிடிக்கும் என்று இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். தன் குழு எது என்று தெரியும், மற்றவர்களில் யார் எந்தக் குழு என்று பையன்களுக்குத் தெரியாது. பங்கு பெறுபவனைப் பற்றித் தாளில் இருந்தது ஒரு எண்ணும் குழுவின் பெயரும் மட்டும். இப்போது, முகம் தெரியாத இரண்டு பேருக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். தனக்கே போட்டுக்கொள்ள முடியாது.

ஒரு தாளைக் கிட்டத்தில் பார்ப்போம். பதின்மூன்று கட்டங்கள், ஒன்றைத்தான் தேர்ந்து கோடு போடலாம். மேலே உன் குழுக்காரனுக்கு, கீழே அடுத்த குழுக்காரனுக்கு. ஒரு முனையில் 7–1, அப்புறம் 8–3, 9–5 என்று போய், நடுவில் 13–13, மறுமுனையில் 19–25. உன் ஆளுக்கு அதிகம் கிடைக்க வேண்டுமென்றால் 19 இருக்கும் கட்டத்தில்தான் கோடு போட வேண்டும். இருவருக்கும் சேர்த்து அதிகம் கிடைப்பதும் அங்கேதான். ஆனால் அங்கே அடுத்தவனுக்கு 25 போய்விடுமே! பையன்கள் அந்தப் பக்கம் போகவில்லை. நியாயம் அவர்களை நடுப்பக்கம் இழுத்தது உண்மை. அதையும் தாண்டி, தன் பக்கம் கொஞ்சமாவது முந்தி நிற்கும் இடத்துக்கு மனசு சாய்ந்தது. தன் ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, வித்தியாசம் வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு அணி, நீல அணி என்று தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது.

இதிலிருந்து நேராக இனப்படுகொலைக்குத் தாவிவிடக் கூடாது. பின்னர் ஜெர்மனியில் உளவியலாளர் அமேலி முமெண்டேயின் குழு, புள்ளிகளுக்குப் பதிலாக எரிச்சலூட்டும் ஒலியைப் பங்கிடச் சொன்னபோது இந்தச் சாய்வு பெரும்பாலும் மறைந்துவிட்டது. நன்மையில் ஓரவஞ்சனை செய்பவர், துன்பம் கொடுப்பதில் அவ்வளவு சுலபமாக இறங்குவதில்லை. இறக்கிவிட வேறு ஏதோ வேண்டும். என் கணக்கில் அதில் பெரும்பங்கு அரசின் பதிவேட்டுக்கு.

நாஜி ஜெர்மனியின் 1935-ன் நியூரம்பெர்க் சட்டங்கள் ஒருவருடைய நம்பிக்கையைக் கேட்கவில்லை, தாத்தா பாட்டிகளை எண்ணின. நால்வரில் மூவர் யூத சமயச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் பேரனும் யூதன், அவன் தேவாலயம் போனாலும். ஜெர்மானியர் பிடித்த நெதர்லாந்தில் 1941-ல் யூதர்கள் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் 1,00,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

மக்களைப் பிரிக்கும் இப்படியொரு கோட்டின் தவறான பக்கம் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? டாஜ்ஃபெல் மறைத்தார். தோலின் நிறத்தை மறைக்க முடியாதே. அதனால்தான் 1960-களின் அமெரிக்காவில் கறுப்பர்கள் ‘கறுப்பே அழகு’ என்று அந்தச் சொல்லின் பொருளையே புரட்டினார்கள். கோட்டைத் தாண்ட முடியாதபோது மக்கள் தனித்தனியாகத் தப்பப் பார்ப்பதை விட்டுக் கூட்டாக எழுகிறார்கள் என்று 1979-ல் டாஜ்ஃபெலும் சக உளவியலாளர் ஜான் டர்னரும் எழுதினார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் வேறு வழி பார்த்தார்கள். 1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடுப்பில் ஓவியர் வில்லெம் அரொன்டேயுஸ் உள்ளிட்ட ஒரு கூட்டம் மக்கள்தொகைப் பதிவகத்துக்குள் நுழைந்தது. காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டு, குண்டு வைத்தார்கள். யார் யார் என்று குறித்திருந்த பதிவு அட்டைகளில் ஒரு பகுதிதான் அழிந்தது. பின்னர் பிடிபட்டவர்களில் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்தார்கள். வந்த பிறகும், மிஞ்சிய அட்டைகள் ஊறிப்போகட்டும் என்று தேவைக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள்.