உப்பங்கழி மீன்களுக்கு மருந்து கேட்கும் முன்

தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் கண்ணாடித் தொட்டியில் உப்பங்கழி மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் பெரும்பாலும் மருந்து கேட்டே வருகிறார்கள். தொட்டி நீரின் உப்பை அளந்து பார்த்தால், பலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் ஒரு பங்குடன் நன்னீர் இரண்டு பங்கு சேர்த்தால் 12 கிராம் அளவில் நிற்கும். இங்கே வளர்க்கப்படும் சேத்தக்கெண்டை, செல்லாக்காசு என்ற இரு மீன்களுக்கும் அது போதும். ஆனால், நம் பக்கத்து வெயிலில் மூடியில்லாத 100 லிட்டர் தொட்டியிலிருந்து நாளுக்கு 2 லிட்டர் வற்றுவதாகக் கொண்டால், போவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். அந்தக் குறையைக் கடல்நீராலேயே நிரப்பி வந்த ஒரு வீட்டில், ஒரே மாதத்தில் தொட்டி ஏறக்குறையக் கடலாகவே மாறியிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரும் இக்கரையோரத்தில் பல இடங்களில் உப்புத்தான். குழாயில் வரும் காவிரி நீரை, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுவதே சரி. குடத்துடன் வரிசையில் நிற்கும் ஊரில் மீனுக்காக அதைக் கேட்பது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கவும் கூடாது. வடிகட்டியில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் திடீர் மாற்றத்தில் மடிந்துவிடக்கூடும். உவர்நீரின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) பொதுவாக 8-ஐ ஒட்டியிருப்பதால், மிஞ்சிய தீனி அழுகி உண்டாகும் அம்மோனியாவில் நச்சான பகுதி, பிஹெச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். ஆகவே தங்கமீன் தொட்டியில் தாங்கிக்கொள்ளப்படும் தாராளம் இங்கே செல்லாது. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும்.

கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் சேத்தக்கெண்டை பெரிதும் பாசியையும் நீர்த்தாவரங்களையும் மேயும் மீன். நாள்தோறும் இறால் துண்டு கொடுப்பதைவிட, அவித்த கீரையைக் கல்லில் கட்டிப் போடலாம். சிறிய செல்லாக்காசுக்குக் கொசுப்புழுவும் ஆர்ட்டீமியா என்ற நுண் உப்புநீர் இறாலும் பிடிக்கும். அது சேத்தக்கெண்டையின் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும். வாய்ப்புக் கிடைத்தால் அதன் முட்டையையும் தின்றுவிடும்!

கரையில் கிடைக்கிறதே என்று கீச்சான் மீன் குஞ்சைத் தொட்டியில் சேர்ப்பவர்களிடம் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அது மற்ற மீன்களின் செதிலைப் பிடுங்கித் தின்னும். அந்தக் காயங்களை நோயென்று எண்ணி, அவர்கள் மறுபடியும் மருந்து கேட்டுத்தான் வருவார்கள்.