துட்டு ஏன் ‘துடு’ ஆகவில்லை?

‘நாலு துட்டுக்கு மாரடிக்கிறது’ என்கிறோமே, அந்தத் துட்டு எங்கிருந்து வந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். துட்டன் என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டு, ‘காசு கெட்டது, அதனால் துட்டு’ என்று விளக்கினால் மேடையில் கைதட்டு விழும். ஆனால் சொல்லின் வரலாற்றைத் தேட நீதிக்கருத்து உதவாது, ஒலிதான் உதவும்.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய சிறிய செப்புக்காசின் பெயர் ‘டொய்ட்’. எட்டு டொய்ட் ஒரு ஸ்டைவர், 20 ஸ்டைவர் ஒரு கில்டர். ஆக ஒரு கில்டருக்கு 160 டொய்ட். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1726 முதல் ஆசியாவுக்கென்றே தன் முத்திரையோடு அதை அடிப்பித்தது: ‘வி’ எழுத்தின் இரண்டு கைகளிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்திருக்கும். சிங்களத்தில் ‘துட்டுவ’ என்பதும் இதே காசுதான்.

இந்தப் பெயரைத் தமிழ் நாக்கு எப்படி விழுங்கியது? முதல் எழுத்து லேசானது. தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது, ஆகவே ‘ட’ இடத்தில் ‘த’. நடு உயிரும் அவ்வளவு சிக்கலில்லை. ஒல்லாந்தின் சில வட்டார வழக்குகளில் அது இன்றும் இதழ் குவித்துச் சொல்லும் ‘ஈ’ போல ஒலிக்கிறது. நம்மிடம் அந்த ஒலி இல்லை. பக்கத்தில் இருப்பது ‘உ’.

கடைசி எழுத்தில்தான் வேலை இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, ஓர் உகரம் ஒட்டவேண்டும். சும்மா ஒட்டினால் ‘துடு’ வரும். அதில் இரண்டு பிழைகள். உயிர்களுக்கு நடுவே தனி டகரம் மெலிந்து ஒலிக்கும், ‘நாடு’ என்பதில் போல. ஒல்லாந்தச் சொல்லின் இறுதியோ வன்மையானது. மற்றது, தனிக்குறிலின் பின் வரும் உகரம் முற்றியலுகரம், ‘நடு’, ‘படு’ போல முழு மாத்திரை பிடிக்கும். இல்லாத ஓர் உயிர் அங்கே சத்தமாகக் கேட்கும். டகரத்தை இரட்டித்தால் இரண்டும் ஒரே அடியில் தீர்கின்றன: ‘ட்ட்’ வன்மை குறையாது, உகரமும் குற்றியலுகரமாகிக் காதில் விழாத அளவுக்குச் சுருங்கும். பள்ளிக்கூடத்தில் புள்ளிக்காக மனப்பாடம் செய்த வன்றொடர்க் குற்றியலுகரம் இதுதான்! கப்பு, செட்டு, நோட்டு எல்லாம் இதே பட்டறையில் அடித்தவை.

சோதித்துப் பார்க்க இன்னொரு ஒல்லாந்தச் சொல் கைவசம் இருக்கிறது: கக்கூசு. அதன் பிற்பாதி ‘ஹொய்ஸ்’, வீடு என்று பொருள். டொய்ட்டில் உள்ள அதே உயிர்தான் இங்கும்; தமிழிலும் அதே உகர இனம். ஆனால் கடைசி மெய் இரட்டிக்கவில்லை. இரட்டித்தால் ‘ச்சு’ ஆகிச் சொல் கெட்டுவிடும். தனிச் சகரம்தான் ‘ஸ்’ போல ஒலிக்கும். அதனால் மெய்யை விட்டுவிட்டு உயிரை நீட்டியாயிற்று. நெடிலுக்குப் பின் வரும் உகரம் எப்படியும் குறுகும்.

கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தச் சொல்லின் இரண்டு மெய்களும் மெலிந்தே ஒலிக்கின்றன; ஒல்லாந்தச் சொல்லின் இறுதியோ வன்மையானது என்பது ஒல்லாந்த மூலத்துக்கு எதிரான நல்ல கேள்வி. துட்டன் கதையை விட நூறு மடங்கு நல்ல கேள்வி. பழைய செப்புக்காசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், இப்படியான சொற்களை ஊர் ஊராகப் பதிவுசெய்யவும் நாலு துட்டு ஒதுக்கலாம்.