ஈரம் 22, ஈரம் 17: களத்தில் விலை பேசும் முன் ஒரு கணக்கு

நெல் அறுவடை வண்டி வயலில் நிற்கும்போதே வியாபாரி வந்துவிடுவார். வண்டி வாடகைக்குக் காசு வேண்டும், கிழக்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வரும். அந்த அவசரத்தில் எந்தக் கணக்கும் ஓடாது. இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வெளி வியாபாரத்தில் 60, சில இடங்களில் 62. எடையைக் கேட்காமல் விலையை ஒப்பிட்டால் அங்கேயே ஏமாந்துவிடுவோம்.

இயந்திரத்தில் அறுத்த குறுவை நெல்லில் ஈரம் 22 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலையத்தின் வரம்பு 17. 60 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் ஏறக்குறைய 56.4 கிலோ நிற்கும். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையோடு பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. பொது ரகத்துக்கு 56.4 கிலோவின் விலை 1,410 ரூபாய். வியாபாரி அதே ஈர நெல்லை 1,300-க்குக் கேட்டால் மூட்டைக்கு 110 குறைகிறது. ஏக்கருக்கு 30 மூட்டை கண்டால் 3,300. காயவைக்கும் கூலி, தார்ப்பாய் வாடகை, காவல் எல்லாம் இதற்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி. நல்ல வெயில் இருந்தால் பெரும்பாலும் அடங்கும். அடைமழை பிடித்துவிட்டால் வியாபாரியிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசின் குழு வந்து மாதிரி எடுத்து, ஈரப்பத வரம்பில் தளர்வு கிடைப்பதும் உண்டு. அது வரும்வரை குவியல் முளைக்காமல் இருக்க வேண்டுமே.

ஈரத்தைக் குறைக்கும் வேலை வயலில்தான் தொடங்குகிறது. அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். காலைப் பனி உலர்ந்த பிறகு வண்டியை இறக்குங்கள். களத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகப் பரப்பினால் மேலே காயும், அடியில் வேர்க்கும். அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிட வேண்டும். பலர் சறுக்குவது இரவில். சூடு ஆறாத நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே ஆவி தங்கி, நெல் நிறம் மாறும், முளைக்கும். நிறம் மாறியது, முளைத்தது, சேதமானது, வண்டடித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் தாண்டினால் ஈரம் 17 இருந்தாலும் நெல் திரும்பி வரும். கருக்காய்க்கு, அதாவது முற்றாத சுருங்கிய நெல்லுக்கு, வரம்பு 3 சதவீதம். தூற்றாமல் கொண்டுபோவது வீண் நடை.

ஈரம் பார்க்கும் கருவியில் அளக்கும்போது ஒரே மூட்டையின் மேல்பிடி நெல் போதாது. குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து அளக்கச் சொல்லுங்கள்.

நிலையத்தில் கேட்கும் சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் கதிர் பால் பிடிக்கும்போதே எடுத்து வையுங்கள். பெயரிலோ தலைப்பெழுத்திலோ ஆதாருக்கும் வங்கிக்கும் வேறுபாடு இருந்தால் பணம் தொங்கும். நீண்ட நாள் வரவு செலவு இல்லாத கணக்கிலும் அதே கதை. கோயில் நிலம், மடத்து நிலம், வாய்மொழிக் குத்தகை என்று சாகுபடி செய்வோருக்குச் சிட்டா வேறு பெயரில் இருக்கும். இந்தப் போகத்தில் பயிர் வைத்தவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று இல்லாவிட்டால், விளைவித்தவர் வரப்பில் நிற்க, பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போகும். அறுப்பு நாளன்று அந்தச் சான்றுக்கு அலைந்தால் வியாபாரிதான் மிச்சம்.

நிலையத்தில் எடை போடும்போது அருகில் நில்லுங்கள். காலிச் சாக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஆகவே திரையில் 40.6-ஐத் தாண்டினால் காரணம் கேட்கலாம். ஒரு மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் போனால், நாற்பது மூட்டையில் ஒரு மூட்டை காணாமல் போகிறது.