ஓடிடி படத்துக்குள் ஒளிந்திருக்கும் அடையாளம்

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த அசல் டிவிடி கீழக்கரை வீட்டுப் பிளேயரில் ஓடவில்லை, திருட்டு டிவிடி மட்டும் ஓடுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தப் பூட்டெல்லாம் இனி என்ன ஆகும் என்பது அவருடைய இன்னொரு கேள்வி.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: டிவிடிக்காக உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்தார்கள். துபாய் 2, இந்தியா 5. எண் பொருந்தாவிட்டால் பிளேயர் மறுத்துவிடும். திருட்டு நகல் எடுப்பவர் அந்த எண்ணையே நீக்கிவிடுகிறார். ஆக, காசு கொடுத்தவருக்குத்தான் தண்டனை!

படத்தைச் சங்கேதமாக்கி நகலெடுப்பதைத் தடுக்கும் சிஎஸ்எஸ் என்ற பூட்டும் டிவிடியில் உண்டு; அதன் சாவி 40 பிட் நீளம். அதைத் திறக்கும் நிரல் 1999இல் இணையத்துக்கு வந்துவிட்டது. பிறகு வந்த ப்ளூரேயின் 128 பிட் பூட்டும் தப்பவில்லை. படம் தெரிய வேண்டுமானால் சாவி பிளேயருக்குள் இருந்தாக வேண்டும். பிளேயரோ நம் வீட்டில் இருக்கிறது.

அதனால் இப்போது ஓடிடி படங்களில் பூட்டோடு, கசியவிட்டவரைக் காட்டிக்கொடுக்கும் ரகசியக் குறியும் சேர்கிறது. 2 மணி நேரப் படத்தை 6 விநாடித் துண்டுகளாக வெட்டினால் 1,200 துண்டுகள். ஒவ்வொன்றிலும் ‘அ’, ‘ஆ’ என இரண்டு பதிப்புகள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எந்தத் துண்டில் எந்தப் பதிப்பு என்ற வரிசை ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வேறு. 30 துண்டுகளிலேயே 107 கோடி வரிசைகள் கிடைக்கும். அதாவது வெறும் 3 நிமிடப் படம்! சர்வரில் சேமிக்க வேண்டியதும் இரண்டு பிரதிகள்தான்.

சரி, தொண்டியில் ஒருவரும் பாம்பனில் ஒருவரும் கூட்டுச்சேர்ந்து துண்டுகளைக் கலந்துவிட்டால்? இதற்கு 2003இல் காபோர் தார்தோஷ் என்ற ஹங்கேரியக் கணிதவியலாளர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. சில துண்டுகளில் ‘ஆ’ பதிப்பை 100 பேரில் 10 பேருக்கு மட்டும் கொடு, சிலவற்றில் பாதிப் பேருக்கு. விகிதத்தை ரகசியமாக வைத்துக்கொள். கசிந்த படத்தில் அரிய பதிப்பு இருந்தால் அதைப் பெற்றவர்களுக்கு நிறையப் புள்ளி, மற்றவர்களுக்குக் கொஞ்சம் கழிவு. நிரபராதியின் புள்ளி ஏறி இறங்கிப் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும். கூட்டாளிகளுடையது ஏறிக்கொண்டே போகும். எப்படிக் கலந்தாலும் இருவரில் ஒருவருடைய துண்டைத்தானே போட முடியும்? இதனால் என்ன லாபம் என்று கேட்டுக் கணித ஆய்வுக்கு நிதியை வெட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

‘படத்தைப் பார்த்தாலே குறி போலீசுக்குத் தகவல் சொல்லிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். குறி யாருக்கும் தகவல் அனுப்பாது; கசிந்த பிரதியை யாராவது எடுத்துச் சோதித்தால்தான் உண்டு.

கூட்டம் பெருகினால் சிக்கல். தேவையான துண்டுகள் கூட்டாளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும்: 2 பேர் 10 பேரானால் 25 மடங்கு. ஒரு படம் போதாது, பல படங்களின் புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சிக்குவது சந்தாக் கணக்குதான். மண்டபத்து மச்சானுக்கு நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்து, அவர் படத்தைக் கசியவிட்டால் புள்ளி ஏறுவது உங்கள் பெயரில்.