அழுதால் கோல் விழாது: தோற்கும் அணியை வைத்து அனிமே எழுதுபவர்கள் கவனத்துக்கு

மறுபடியும் அதே அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) ஸ்கிரிப்ட், பெயர்கள் மட்டும் வேறு. ஜப்பானில் ஒரு பள்ளி, போகிற இடமெல்லாம் அடி வாங்கும் கால்பந்து அணி, புதிதாக வந்து சேரும் ஒரு பையன். தேசிய உயர்நிலைப்பள்ளிப் போட்டியின் முதல் சுற்று, 89-ஆவது நிமிடம், கொட்டும் மழை, இறந்துபோன அண்ணனின் முகம், கோல். ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டை எங்கே என்று சொல்வதுதான் என் வேலை. ஒரே ஓட்டை திரும்பத் திரும்ப வருவதால் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அணி இத்தனை நாள் ஏன் தோற்றது என்பதற்கு முழு ஸ்கிரிப்டிலும் ஒரு வரி இல்லை. "நம்மகிட்ட தன்னம்பிக்கை இல்ல" என்று கேப்டன் மட்டும் ஓரிடத்தில் புலம்புகிறான். அது காரணம் இல்லை, சாக்கு.

(அந்தப் போட்டியில் தொடக்கச் சுற்றுகளில் ஒரு பாதிக்கு 40 நிமிடம், மொத்தம் 80தான். 89 எங்கிருந்து வந்தது? ஆட்டம் சமனானால் நேரே பெனால்டி.)

"அனிமேன்னாலே உணர்ச்சிதானே?" என்று கேட்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். உங்கள் நாயகனுக்கு மனவுறுதி இருக்கிறது. எதிரணிப் பையன்களும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடியவர்கள்தான். எதிரணி கோல்கீப்பருக்கும் ஒரு பாட்டி செத்திருப்பாள். உறுதி இரண்டு பக்கமும் இருந்தால் அதற்கு இது என்று கழிந்துபோகும். மிச்சம் நிற்பது யார் எங்கே நின்றார்கள், யார் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவில்லை என்பது மட்டும்தான். கண்ணீரால் கோல் விழும் என்றால் முதல் எபிசோடிலேயே அழுதிருக்கலாமே, எதற்கு இத்தனை தோல்வி? பார்ப்பவர் இப்படி வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுத்த எபிசோடைத் திறக்காமல் விட்டுவிடுவார்.

பின்கதையே கூடாது என்று சொல்லவில்லை. 1981-இல் தொடங்கிய கால்பந்து மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 'கேப்டன் சுபாசா' எவ்வளவு மிகைப்படுத்தல் நிறைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மைதானமே அடிவானத்தைத் தாண்டி நீளும். அதிலேயே மிசுகி ஜுன் என்ற பாத்திரத்தைப் பாருங்கள். இதய நோய் உள்ளவன், ஆட்டத்தில் கொஞ்ச நேரம்தான் தாங்குவான். அந்த நோய் அவனுக்குச் சக்தி கொடுப்பதில்லை, நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அவன் ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் நமக்குச் செலவாகத் தெரிகிறது. உங்கள் நாயகனின் துக்கம் மைதானத்தில் அவனிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறதா? இல்லையென்றால் வெட்டிவிடுங்கள்.

தோல்விக்குக் காரணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நிஜ ஆட்டம் ஒன்று போதும். 2018 உலகக்கோப்பை, ரஷ்யாவின் ரோஸ்டோவ், பெல்ஜியத்துக்கு எதிராக ஜப்பான். 52-ஆவது நிமிடத்தில் ஜப்பான் 2-0 என முன்னிலை. 65-ஆவது நிமிடத்தில் பெல்ஜியம் ஃபெலைனி, ஷாட்லி இருவரையும் இறக்குகிறது. ஃபெலைனியின் உயரம் 1.94 மீட்டர். 69-இல் வெர்டோங்கன் தலையால் ஒன்று, 74-இல் ஃபெலைனி தலையால் ஒன்று. 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் நான்காவது நிமிடத்தில் ஜப்பானுக்கு ஒரு கார்னர். சமனோடு நேரத்தைக் கடத்தாமல் வெற்றிக்கு ஆசைப்பட்டு ஆட்களை மேலே அனுப்பிவிட்டு ஹோண்டா உள்ளே அடிக்கிறார். கோல்கீப்பர் கூர்த்துவா பந்தைப் பிடித்து உடனே டி பிராய்னாவுக்கு உருட்டுகிறார், அவர் நடு மைதானத்தில் தடையில்லாமல் ஓடுகிறார், வலதுபுறம் மூனியே, அவருடைய பந்தை லுகாகு தொடாமல் விட்டுவிட, பின்னால் ஷாட்லி. 2-3. உயரம், ஆள் மாற்றம், ஒரு கார்னரில் எடுத்த முடிவு என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டலாம். எவன் மனவுறுதி குறைந்து தோற்றான் இதில்?

கற்பனை அணியின் தோல்விக்கும் இதே மாதிரி ஒரு நோய்ப்பெயர் வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் அணியின் ரைட் பேக் (வலதுபக்கத் தடுப்பாட்டக்காரன்) தாக்குதலுக்கு மேலே போகிறவன் என்று வையுங்கள். பந்து பறிபோனதும் அவன் பின்னால் முப்பது மீட்டர் காலி, எதிரணி விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குபவன்) அங்கே நுழைகிறான். இதை முதல் ஆட்டத்தில் காட்டுங்கள், யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம். அடுத்த ஆட்டத்திலும் அதே இடம், அதே கோல். மூன்றாவது ஆட்டத்தில் அவன் நடுக்கோட்டைத் தாண்டும்போதே பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். நீங்கள் தேடும் சுவாரஸ்யம் அந்தக் கலக்கம்தான். அப்புறம் கோச் அவனைப் பின்னால் நிறுத்துகிறார், ஓட்டை அடைபடுகிறது. ஆனால் அணியின் ஒரே நல்ல கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) அவனுடையது, இப்போது கோலே விழவில்லை. ஒரு நோயைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்க வேண்டும். பன்னிரண்டு எபிசோடுக்குத் தீனி அப்படித்தான் கிடைக்கும்.

இந்த வகையில் எனக்குத் தெரிந்த நேர்மையான படைப்பு 'ஜெயன்ட் கில்லிங்'. 2007-இல் 'மார்னிங்' இதழில் தொடங்கிய மாங்கா, 2010-இல் 26 எபிசோட் அனிமே. ஈஸ்ட் டோக்கியோ யுனைடெட் என்ற தொழில்முறை கிளப், தரவரிசையின் அடியில் கிடக்கிறது. நாயகன் ஆடுகிறவன் இல்லை, கோச். ஒரு காலத்தில் அதே கிளப்பின் நட்சத்திரமாக இருந்து விட்டுப்போன தட்சுமி. வந்ததும் உபதேசம் செய்வதில்லை. வருடக்கணக்கில் அணியைத் தோளில் சுமந்த முராகோஷியிடமிருந்து கேப்டன் பட்டையைக் கழற்றுகிறார். பார்க்கக் கொடுமையாக இருக்கும். எல்லாச் சுமையையும் ஒருவன் தூக்கினால் மற்றவர்கள் சும்மா நிற்பார்கள் என்பதே அந்த அணியின் நோய் என்று பிறகுதான் நமக்குப் புரிகிறது. ரிசர்வில் இருந்து வரும் ட்சுபாகிக்கு வேகம் உண்டு, தைரியம் கிடையாது. நல்ல ஆட்டத்துக்கு அடுத்ததே சொதப்பல். அலுவலக ஊழியர்கள், ஸ்பான்சர், கோபக்கார ரசிகர் கூட்டம் எல்லோருக்கும் கதையில் வேலை இருக்கிறது.

லீக் என்பதால் இன்னொரு வசதி. 2010-இல் ஜே-லீக் (ஜப்பானின் தொழில்முறை லீக்) முதல் பிரிவில் 18 கிளப்புகள், 34 ஆட்டங்கள், கடைசி மூன்று கீழே இறங்க வேண்டும். அங்கே பலமான அணியோடு 0-0 என்பதே திருவிழா. பள்ளிப் போட்டியில் அந்த வசதி இல்லை, 48 அணிகள், தோற்றால் வீடு. அதற்குப் பதில் வேறொன்று இருக்கிறது: மூன்றாம் ஆண்டு, அதாவது கடைசி ஆண்டு மாணவனுக்கு அந்தத் தோல்வியோடு பள்ளிக் கால்பந்தே முடிந்தது. இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். லீக் கதையில் நாக்-அவுட் கண்ணீரைக் கொட்டாதீர்கள்.

திறமைக்கும் இதே கணக்கு. 2022-இல் அனிமேவாக வந்த 'ஆவோஆஷி'யில் நாயகன் ஆஷிட்டோவுக்கு மைதானம் முழுவதும் மேலிருந்து பார்ப்பதுபோல் மனதில் தெரியும். ஆனால் வரும் பந்தை ஒழுங்காக நிறுத்தத் தெரியாது, பந்து வருமுன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் கிடையாது. கோல் அடிக்க வந்தவனை கோச் டிஃபென்ஸுக்கு அனுப்புகிறார். வரமும் இடைவெளியும் சேர்ந்தே வருவதால்தான் அவன் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு அடிப்படையும் நமக்குச் செய்தியாகிறது.

இனி வேலை விஷயம். எபிசோடுக்கு 24 நிமிடம், தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒன்றரை ஒன்றரை நிமிடம் போக 21. பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே மனக்குரல் பேச இடைவெளி உண்டு. கால்பந்து நிற்காது. ஆட்டம் தானாக நிற்கிற இடங்கள் த்ரோ-இன், கார்னர், ஃபவுல், காயம், ஆள் மாற்றம். யோசனை, வாக்குவாதம் எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். ஓடும் பந்தின் நடுவில் இரண்டு பக்க வசனம் வேண்டவே வேண்டாம். பதினொரு பேரையும் அறிமுகம் செய்யாதீர்கள். நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் ஒரு வேலை, அது போதும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும் என்பதை ஒரு அகலமான ஷாட்டில் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யார் எந்தக் கோலை நோக்கி ஓடுகிறார்கள் என்றே தெரியாது. கமென்டேட்டர் நேரமும் ஸ்கோரும் சொன்னால் போதும், நாம் பார்த்ததையே அவர் ஒப்பிக்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் முதல் தோல்வியை மட்டும் நிமிடவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, விதி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் பந்தை நேரடியாக வாங்கினால் ஆஃப்சைட் (எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது. லைன்ஸ்மேனைக் கொடி தூக்க வைக்காதீர்கள்.