ஏறுவதற்கு மூச்சு, இறங்குவதற்குத் தொடை

வெள்ளியங்கிரி போய்விட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏழு மலை ஏறியதைவிட இறங்கி வந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். "ஏறும்போது ஒண்ணும் தெரியலீங்க. எறங்கறப்பதான் காலு வெடவெடன்னு ஆடிப்போச்சுங்க." மறுநாள் பாடு இன்னும் மோசம். மாடிப்படியில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவார்கள். குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும்.

ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கோ, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ பணம் திரட்ட மலையேறக் கிளம்பும் நண்பர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த நடுக்கத்தைத்தான். பயிற்சி என்றதும் எல்லோரும் ஏற்றத்துக்கே தயாராகிறார்கள். காலையில் கோவை ரேஸ்கோர்ஸில் நடை, ஞாயிற்றுக்கிழமை மருதமலைப் படி. மூச்சு வாங்காமல் மேலே போக முடிகிறதா என்பதே ஒரே பரீட்சை. இறங்குவதை ஒரு வேலையாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பாதிப் பயிற்சி அங்கேதான் இருக்கிறது. நிதி திரட்ட வைக்கும் சவாலையே அதற்கேற்ப அமைத்துவிட்டால், பணமும் சேரும், காலும் பழகும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். சென்னிமலைக்கு 1,320 படிகள். படிக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் உயரம் ஏறக்குறைய 200 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் அவ்வளவு உயரம் ஏற, புவியீர்ப்பை எதிர்த்து சுமார் 1,18,000 ஜூல் வேலை செய்ய வேண்டும். அது உணவுக் கணக்கில் வெறும் 28 கலோரிதான் (கிலோகலோரி). ஆனால் செலவாகும் ஆற்றலில் கால்வாசியைத்தான் தசை வேலையாக மாற்றும். மீதி முக்கால்வாசி வெப்பமாகப் போய்விடும். ஆகவே நிஜச் செலவு 110 கலோரிக்கு மேல். பாதி மலையில் சட்டை நனைவது இதனால்தான்.

இறங்கும்போது அதே 1,18,000 ஜூலும் திரும்ப வருகிறது. அதை எங்காவது உறிஞ்சியாக வேண்டும். இல்லையென்றால் உருண்டுதான் போவோம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரிகள் சின்ன கியரில் போட்டு, எஞ்சினையே பிரேக்காக்கித்தான் இறங்கும். நம் தொடையின் முன்பக்கத் தசையும் அப்படித்தான். மேலே ஏற்றிய அதே தசை இப்போது தடை போடுகிறது.

ஒரு படி இறங்குவதை மெதுவாகச் செய்து பாருங்கள். ஒரு கால் கீழே போகும்போது மேலே நிற்கும் காலின் முட்டி கொஞ்சம் கொஞ்சமாக மடங்குகிறது. மடங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடைத் தசை சுருங்கப் பார்க்கிறது. உடல் எடையோ அதை இழுத்து நீட்டுகிறது. சுருங்க முயலும் தசை நீள்கிறது. இதை எக்சென்ட்ரிக் இயக்கம் என்பார்கள். எல்லா வில்லங்கமும் இங்கேதான் தொடங்குகிறது.

தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். ஏறும்போது மயோசினின் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுத்து விடுகின்றன. ஒவ்வொரு முறை விடுவதற்கும் ஏடிபி எரிபொருள் வேண்டும். இறங்கும்போது பல தலைகளை எடையே பிய்த்து எடுத்துவிடுகிறது, எரிபொருள் செலவு இல்லாமல். அதனால்தான் இறக்கத்தில் மூச்சு வாங்குவதில்லை. 1952இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் பெடலை முன்னால் மிதிக்க, மற்றவர் அதைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுத்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் செய்துகாட்டியபோது, சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண் தடுத்தே, மிதித்த ஆணைச் சோர வைத்துவிட்டார்.

சரி, இவ்வளவு மலிவான வேலை ஏன் மறுநாள் அப்படி வலிக்கிறது? இறக்கத்தில் உடல் தசைக்குள் இருக்கும் நார்களில் குறைவானவற்றையே வேலைக்கு அழைக்கிறது. அதே எடையை அந்தக் கொஞ்சம் பேர் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நாரும் சார்கோமியர் என்ற நுண்ணிய கண்ணிகளின் வரிசை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 400 கண்ணிகள் இருக்கும். அவற்றில் பலவீனமானவை முதலில் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணிகளுக்கு இடையே நேர்கோடாக இருக்க வேண்டிய எல்லைகள் கலைந்து நெளிந்து கிடக்கும். தசையின் பலம் உடனே குறைகிறது. கடைசி மலையில் கால் ஆடுவதற்கும், தடுக்கி விழுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். அப்புறம் மெதுவாக அழற்சி தொடங்குகிறது, நரம்பு நுனிகள் வலியை எளிதில் உணரத் தொடங்குகின்றன. வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகிறது. இந்தத் தாமத வலியைத் தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902லேயே விவரித்துவிட்டார்.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு" என்று ஜிம்களில் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. லாக்டேட் அதிகம் சேர்வது மூச்சு வாங்கும் ஏற்றத்தில்; வலிப்பதோ இறக்கத்துக்குப் பிறகு. அதோடு, சேர்ந்த லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் காலை வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி நல்ல செய்தி. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை அடுத்த முறை அவ்வளவு அடிபடாது. நரம்புகள் வேலையை அதிக நார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப் பழகுகின்றன, நார்களில் புதிய கண்ணிகள் சேர்கின்றன, சுற்றியுள்ள இணைப்புத் திசு உறுதியாகிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். அதற்கு மூச்சு முட்ட உழைக்கவும் வேண்டாம். கசுனோரி நொசாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் கைத்தசையில் செய்த சோதனையில், முழு பலத்தோடு ஆறே முறை செய்த எக்சென்ட்ரிக் இயக்கம்கூடப் பின்னால் வந்த பெரிய சுமையின் சேதத்தைக் குறைத்தது. ஆனால் பழகிய தசைக்குத்தான் பலன். பழநிக்குப் பாதயாத்திரையாக நாள் முழுக்கத் தார் ரோட்டில் நடப்பவர்களுக்கும் வெள்ளியங்கிரி இறக்கத்தில் தொடை கட்டிக்கொள்வது இதனால்தான். சமதரை நடை பாதத்தையும் இதயத்தையும் பழக்கும்; தொடையின் பிரேக்கைப் பழக்காது.

இதை வைத்து ஒரு சவாலை வடிவமைக்கலாம். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். சென்னிமலையை 45 முறை ஏறினால் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிடும். எட்டுப் பேர் சேர்ந்து, முதல் வாரம் ஆளுக்கு ஒரு முறை, இரண்டாம் வாரம் இரண்டு முறை, மூன்றாம் வாரம் மூன்று முறை ஏறி இறங்கினால் மொத்தம் 48. "சென்னிமலையில் எங்கள் எவரெஸ்ட், ஒரு ஏற்றத்துக்கு இவ்வளவு ரூபாய்" என்று அறிவித்துப் பணம் கேட்கலாம். வெள்ளியங்கிரியில் ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். அதற்கு முன் 200 மீட்டர் இறக்கம் நல்ல முதல் தவணை. திருச்செங்கோடு, சிவன்மலைப் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே செய்யலாம். மலையே அருகில் இல்லையென்றால், அடுக்குமாடியில் லிஃப்ட்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். பார்ப்பவர்களுக்கு வினோதமாகத் தெரியும், ஆனால் தேவையான பயிற்சி அதுவேதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஒரு தோப்புக்கரணத்துக்குப் பத்து ரூபாய், எத்தனை போடுகிறாயோ அவ்வளவு தருகிறேன்" என்ற வகைச் சவால் ஆபத்தானது. தோப்புக்கரணத்தில் கீழே உட்காரும் ஒவ்வொரு முறையும் அதே எக்சென்ட்ரிக் சுமைதான். பழக்கமில்லாதவர் உற்சாகத்தில் நூற்றுக்கணக்கில் போட்டால் தசைச் செல்கள் உடைந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். தசை வீங்கி, கடுமையாக வலித்து, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். கொடுக்க நினைப்பவர்கள் அதற்காகக் குறைத்துக் கொடுக்கப்போவதில்லை.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வாங்கிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஊன்றுகோல் இரண்டு பயன்படுத்தினால் முழங்கால் மூட்டின் மேல் விழும் விசை 25 சதவீதம் வரை குறையும் என்று அளந்திருக்கிறார்கள். ஒரு தடியும் ஓரளவு உதவும். சின்ன எட்டாக வையுங்கள், முட்டியை விறைப்பாக வைக்காதீர்கள். பிபி, சர்க்கரை, நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் பெயர் கொடுக்கக் கூடாது. வெள்ளியங்கிரியில் மாரடைப்பில் இறந்தவர்கள் உண்டு.

இமயமலைக்குப் போகும் குழுவென்றால், தொடையை இங்கேயே பழக்கலாம். மெல்லிய காற்றைப் பழக்க முடியாது. 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் போவதுதான் வழி.

வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. பெரிய இறக்கப் பயிற்சியை மலைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், தசை ஆற அவகாசம் வேண்டும். மாசியில் போவதாக இருந்தால் பொங்கல் முடிந்த கையோடு படியிறங்கத் தொடங்கிவிடுங்கள்.